கோபுரம் தோற்கவில்லை, பாறைதான் தோற்றது

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய படம் பார்த்தேன். இங்கிலாந்தின் ப்ளிமத் நகரில், ஹோ திடலில் நிற்கிற அந்தச் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கக் கோபுரம் படத்தில் அழகாகத்தான் தெரிகிறது. ஆனால் அதன் அடிப்பாகம் பழையது கிடையாது. மேலே அறைகள் இருக்கிற பகுதியின் கல்தான் 1759-இல் ஜான் ஸ்மீட்டன் கட்டியது. அதைத் தாங்குகிற பீடம் 1880-களில் கரையில் புதிதாக எழுப்பியது. உண்மையான அடிப்பாகம் இன்னும் கடலுக்குள், எடிஸ்டோன் பாறைமேல், மொட்டையாக நின்றுகொண்டிருக்கிறது. "அருங்காட்சியகம் மாதிரிதானே, ஒருநாள் போய்க்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தாய். போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. கரையோரக் கட்டுமானம் படிக்கப் போன நீ அந்த ஏணியில் சும்மா ஏறி இறங்கி வரக்கூடாது.

முதலில் இடம். எடிஸ்டோன் பாறைகள் ப்ளிமத்திலிருந்து தெற்கு, தென்மேற்காக ஏறக்குறைய 14 மைல். நைஸ் வகைப் பாறை, கடினமானது. கடல் ஓதம் ஏறும்போது பெரும்பகுதி முங்கிவிடும். வற்றும்போது முதுகு தெரியும். பாறையின் மேற்பரப்பு தென்மேற்குப் பக்கமாகச் சரிந்திருக்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வருகிற பெரிய அலையும் அதே தென்மேற்கிலிருந்துதான் வருகிறது. ஆழ்கடலில் தடையில்லாமல் ஓடிவந்த அலை இந்தச் சரிவைத் தொட்டதும் அப்படியே மேலேறி எழும்பும். கரையில் காற்றே இல்லாத நாளிலும் அங்கே படகு அணைக்க முடியாமல் போவது அதனால்தான். ப்ளிமத் துறைமுகத்துக்கு நேர் வாசலில் இப்படி ஒரு பாறை. இதற்குப் பயந்து விலகிப்போன கப்பல்கள் எதிர்ப்பக்கம் பிரெஞ்சுக் கரையோரப் பாறைகளில் மாட்டிக்கொண்டதும் உண்டு.

இந்தப் பாறைகளில் இதுவரை நான்கு கோபுரங்கள். முதல் மூன்றும் ஒவ்வொரு காரணத்தால் போயின. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான்.

முதலாவதைக் கட்டியவர் ஹென்றி வின்ஸ்டன்லி. செதுக்கு ஓவியர், லண்டனில் தண்ணீர் வேடிக்கைக் காட்சி நடத்தியவர், கப்பல்களிலும் பணம் போட்டிருந்தார். இரண்டு கப்பல் இந்தப் பாறையில் போனதும் தானே விளக்கு கட்டக் கிளம்பிவிட்டார். 1696 கோடை முழுவதும் ஆன வேலை என்ன தெரியுமா? பாறையில் 12 துளை போட்டு 12 இரும்புக் கம்பங்களை நட்டது, அவ்வளவுதான். மறு வருடம் அடித்தளம் வைத்துக்கொண்டிருக்கும்போது பிரெஞ்சுக் கப்பல்காரர்கள் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது இரண்டு நாட்டுக்கும் போர். விளக்கு எல்லா நாட்டுக் கப்பலுக்கும் உதவும் என்று சொல்லிப் பதினான்காம் லூயி மன்னர் அவரை விடுவித்தார். 1698 நவம்பர் 14 அன்று மெழுகுவத்தி ஏற்றினார்கள். திறந்த கடலில் தனிப் பாறைமேல் நின்ற முதல் விளக்குகளில் அது ஒன்று.

முதல் குளிர்காலத்திலேயே அலைத்தெறிப்பு விளக்கறைக்கு மேலே போனது. உடனே 1699-இல் அடியை அகலப்படுத்தி, உயரத்தை 120 அடி அளவுக்கு ஏற்றினார். அங்கேதான் வினை. மேலே பலகோண வடிவம், சுற்றிலும் மாடம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சரக்குத் தூக்கும் மரங்கள், அலங்கார வேலைப்பாடு எல்லாம் சேர்ந்து காற்றுக்கும் அலைக்கும் பிடி கொடுத்தன. உயரம் ஏறிய அளவுக்குப் பாறையோடு உள்ள பிடிப்பு ஏறவில்லை. 1703 நவம்பர் 26 இரவு இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட பெரும்புயல் வந்தபோது வின்ஸ்டன்லியே பழுது பார்க்கப் போய் உள்ளே இருந்தார். மறுநாள் பாறைமேல் சில வளைந்த கம்பிகள் மட்டும் இருந்தன. பாறை இடுக்கில் இறுகிப்போய் மாட்டியிருந்த ஒரு துண்டுச் சங்கிலியை ஐம்பது வருடம் கழித்தும் பார்க்க முடிந்தது. விளக்கு போன கையோடு, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு புகையிலைக் கப்பல் அதே பாறையில் மோதி உடைந்தது.

இரண்டாவது, ஜான் ரட்யர்ட் கட்டியது. இவர் லண்டனில் பட்டுத்துணி வியாபாரி! ஆனால் ஆள் விவரமானவர். கப்பல் கட்டும் தச்சர்களைக் கூட்டிக்கொண்டு போனார். அடுக்காகக் கருங்கல்லும் மரமும் வைத்து, வெளியே செங்குத்துப் பலகை அடித்து, கப்பல் உடம்பு மாதிரி இடுக்கடைத்து, வழவழப்பான ஒரு கூம்பாக ஏற்றினார். நீட்டிக்கொண்டிருப்பது என்று ஒன்றுமே கிடையாது. கல்லை உள்ளே வைத்தது எடைக்காக. வெறும் மரம் மிதக்கப் பார்க்கும். 1708-இல் விளக்கு ஏற்றினார்கள்.

ரட்யர்டிடம் நீ கற்றுக்கொள்ள வேண்டியது அவர் இரும்பை நட்ட விதம். பாறையின் சரிவைப் படிப்படியாக வெட்டி, 36 துளை போட்டார். துளை வாயில் குறுகலாகவும் அடியில் அகலமாகவும் இருக்கும். துளையைத் துடைத்து உலர்த்தியதும் உருக்கிய மாட்டுக்கொழுப்பை ஊற்றினார். பிறகு இரும்பைச் சூடாக்கி அதில் இறக்கி, பக்கத்தில் ஆப்பு இரும்பும் அடித்தார். அதன்பின் உருக்கிய ஈயக்கலவையை ஊற்றினார். ஈயக்கலவை கனம், அடிக்குப் போகும். கொழுப்பு இலேசு, மேலே பொங்கி வெளியே வழியும். இதனால் இரும்பைச் சுற்றி ஒரு சொட்டு உப்புத்தண்ணீர்கூடத் தங்க வழியில்லை. உப்புத்தண்ணீர் தங்கினால் இரும்பு துருவேறும், துருவேறினால் பருக்கும், பருத்தால் பாறையையே விரிசல் விடச் செய்யும். இன்றைக்கும் கடல்மேடைக் கம்பி வேலையில் நம் ஆட்கள் கோட்டைவிடுகிற இடம் இதே இடம்தான்.

இந்தக் கோபுரம் 47 வருடம் நின்றது. அடியில் கப்பற்புழு மரத்தை அரித்துக்கொண்டே இருக்கும், தச்சர்கள் பலகை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் அதைக் கொன்றது கடல் இல்லை, நெருப்பு. 1755 டிசம்பர் 2 இரவு விளக்கறைக் கூரை பற்றிக்கொண்டது. வருடக்கணக்காகக் கரிப்புகையும் கொழுப்பும் படிந்து காய்ந்த மரம், மேலே ஈயத்தகடு, கீழே இரவு முழுக்க எரிகிற மெழுகுவத்திகள். பற்றாமல் என்ன செய்யும்? காவலர் ஹென்றி ஹாலுக்கு அப்போது 94 வயது என்று பதிவு இருக்கிறது. அண்ணாந்து வாளியால் தண்ணீர் வீசிக்கொண்டிருந்தவர்மேல் கூரை ஈயம் உருகிக் கொட்டியது. ஈயம் வாய்க்குள் போய்விட்டது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. 12 நாள் கழித்து அவர் இறந்தபின் மருத்துவர் ஸ்ப்ரை வயிற்றைத் திறந்து, 7 அவுன்ஸுக்கு மேல் எடையுள்ள ஈயக்கட்டியை எடுத்தார். அந்தக் கட்டி எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி ஸ்மீட்டன். லீட்ஸ் பக்கத்து ஆள், கருவிகள் செய்கிறவர், வேலை கைக்கு வந்தபோது வயது முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோ. லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் தலைவர் பரிந்துரைத்து வந்தது. "எடிஸ்டோனில் மரம்தான் நிற்கும், அது வளைந்து கொடுக்கும், கல் உடைந்துவிடும்" என்பது அப்போது பலரும் சொன்ன பேச்சு. ஸ்மீட்டன் நேர் எதிராக யோசித்தார். கட்டடம் அசையவே கூடாது. அதற்கு எடை வேண்டும், எடை அடியில் இருக்க வேண்டும், கற்கள் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்திருக்க வேண்டும். கருவாலி (ஓக்) மரத்தின் அடி எப்படி அகன்று வளைந்து மேலே ஒடுங்குகிறதோ அந்த வளைவை எடுத்துக்கொண்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். வழிகாட்டிகள் எல்லோரும் உன்னிடம் இந்த மரக்கதையைத்தான் சொல்வார்கள். கதை நல்ல கதைதான், ஆனால் என்னைக் கேட்டால் அந்த வளைவு அவருடைய வேலையில் மூன்றாம் இடம். முதல் இடம் சாந்துக்கு, இரண்டாம் இடம் மூட்டுக்கு.

மூட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். சரிந்த பாறையை ஆறு படியாக வெட்டினார்கள். முதல் ஆறு கல்வரியும் அரைகுறை வட்டங்கள்; சரிவை நிரப்பி மேலேறி, ஏழாவது வரியில்தான் முழு வட்டம் கிடைத்தது. 1757 ஜூன் 12 அன்று முதல் கல் இறங்கியது, எடை இரண்டே கால் டன். முதல் வரிக்கு மொத்தமே நான்கு கல். அடி விட்டம் 26 அடி, மேலே போகப்போக 15 அடியாகச் சுருங்கும். பாறைக்கு மேல் மொத்த உயரம் 72 அடி.

ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லோடு புறாவால் மூட்டில், அதாவது புறாவின் வால்போல விரிந்த நாக்கும் அதற்கேற்ற வாயுமாக, பூட்டிக்கொள்ளும். பாறைப் படிகளிலும் அதே வடிவில் வாய் வெட்டியிருந்ததால் முதல் வரிகள் பாறையோடேயே பூட்டிக்கொண்டன. வெளியிலிருந்து ஒரு கல்லை உருவ நினைத்தால் அதன் இரண்டு பக்கத்துக் கல்லும் வர வேண்டும். அவை வர அவற்றின் பக்கத்துக் கல்லும் வர வேண்டும். வரிக்கு வரி நழுவாமல் இருக்கச் சலவைக்கல் கட்டைகள் வைத்தார். பாதி கீழ்வரிக் குழியில், பாதி மேல்வரிக் குழியில். நடுவில் பெரியது ஒன்று, சுற்றிலும் சிறியவை எட்டு. அலை பக்கவாட்டில் தள்ளும்போது வரி சறுக்காமல் தடுப்பது இவைதான்.

கல்லை எல்லாம் ப்ளிமத் மில்பேயில் இருந்த களத்தில் வெட்டினார்கள். அங்கே ஒரு மேடையில் வரி முழுவதையும் சாந்து இல்லாமல் அடுக்கிப் பார்ப்பது, மேலே வரப்போகிற வரியையும் வைத்துப் பார்ப்பது, கோடு கிழித்து எண் போடுவது, பிரிப்பது, படகில் ஏற்றுவது. பாறையில் நின்றுகொண்டு "கொஞ்சம் செதுக்கினால் உட்கார்ந்துவிடும்" என்கிற பேச்சுக்கே இடமில்லை. அங்கே கிடைப்பது வற்றத்துக்கு வற்றம் சில மணி நேரம்.

இப்போது நுணுக்கம். கல்லைச் சாந்துமேல் இறக்கி மரக்கொட்டாப்புளியால் தட்டி உட்கார வைத்துவிட்டாய். இன்னும் ஆறு மணி நேரத்தில் அலை வரும்; சாந்து இறுக நாள் கணக்காகும். அதுவரை கல்லை யார் பிடிப்பது? ஒவ்வொரு கல்லிலும் மேலிருந்து கீழாக இரண்டு துளை களத்திலேயே போட்டிருக்கும். கல் உட்கார்ந்ததும் அந்தத் துளை வழியாகவே கீழ்க்கல்லிலும் துளை போட்டு, கருவாலி மரமுளையை அடித்து இறக்குவார்கள். முளையின் அடிநுனியைப் பிளந்து சிறு ஆப்பைச் செருகியிருப்பார்கள். குழியின் அடியில் முட்டியதும் ஆப்பு ஏறி நுனி விரிந்து இறுகும். தலைப்பக்கத்திலும் அப்படியே ஓர் ஆப்பு. பக்கவாட்டு இணைப்புகளில் செங்குத்துக் காடி வெட்டி, இரண்டு மர ஆப்புகளை ஒன்று தலைகீழாக, ஒன்று நேராக அடிப்பார்கள். இதில் பலத்தைக் காட்டக்கூடாது. ஓங்கி அடித்தால் புறாவாலின் கழுத்து கல்லிலேயே தெறித்துவிடும். ஆப்பு நகராத அளவுக்கு அடித்தால் போதும். அதன்பிறகு இடுக்குகளில் கூழ்ச்சாந்து ஊற்றுவது. சாந்து இறுகியபின் அந்த முளையும் ஆப்பும் அழுகினாலும் கவலையில்லை, அவற்றின் வேலை முடிந்தது.

வெளித்தோலுக்குக் கார்ன்வால் கருங்கல், உள்ளே போர்ட்லண்ட் சுண்ணக்கல். போர்ட்லண்ட் கல் வெட்டச் சுலபம்; அதையே முழுக்க வைத்திருக்கலாமே என்று கேட்பாய். ப்ளிமத் கடலுக்குள் கிடந்த அந்தக் கல்லைக் கல்துளைச் சிப்பி சல்லடையாக்கியிருந்ததை அவர் பார்த்துவிட்டார். கருங்கல்லில் அந்தப் பூச்சியின் ஜம்பம் சாயாது. செலவையும் நேரத்தையும் பார்த்து, தண்ணீர் தொடுகிற இடத்துக்குக் கருங்கல், தொடாத இடத்துக்குச் சுண்ணக்கல் என்று பிரித்தார்.

சாந்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பை நினைத்துக்கொள். வெள்ளை வெளேர், சுத்தம், நீற்றினால் வெண்ணெய். பூச்சுவேலைக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் அது இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து. தண்ணீருக்குள் காற்று ஏது? கடலுக்குள் வைத்தால் கரைந்தே போகும். சுண்ணாம்பு எவ்வளவு வெள்ளையாக, எவ்வளவு கெட்டியான கல்லிலிருந்து வந்ததோ அவ்வளவு நல்லது என்பதுதான் அன்று அங்கிருந்த கொத்தனார்களின் நம்பிக்கையும்.

ஸ்மீட்டன் அந்த நம்பிக்கையை ஓரமாக வைத்துவிட்டுச் சோதனை செய்தார். பல ஊர்ச் சுண்ணாம்புக் கல்லை வாங்கிச் சுட்டு நீற்றி, கலவை செய்து, இரண்டு அங்குல உருண்டையாகப் பிடித்துத் தண்ணீரில் போட்டார். எது கரைகிறது, எது கல்லாகிறது என்று பார்த்தார். பிரிஸ்டல் கால்வாயின் இரு கரையிலும், அபர்தாவிலும் வாட்செட்டிலும் கிடைத்த நீலச்சாம்பல் நிறக் கல்லின் சுண்ணாம்பு தண்ணீரிலேயே இறுகியது. ஏன் என்று அறிய அந்தக் கல்லை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தார். சுத்தச் சுண்ணக்கல் அடியோடு கரைந்துவிடும். இந்தக் கல்லிலோ கரையாத சேறு தங்கியது. அதை உருட்டிக் காயவைத்துச் சூளையில் வைத்தால் செங்கல்லாக வந்தது. அப்படியானால் அது களிமண்! சுண்ணாம்புக் கல்லோடு களிமண் கலந்திருந்தால்தான் தண்ணீரில் இறுகும் என்பதை ஒருவர் சோதித்து நிறுவியது அப்போதுதான். களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சூளைச் சூட்டில் சுண்ணாம்போடு சேர்ந்து, பிறகு தண்ணீரையே துணையாக எடுத்துக்கொண்டு இறுகுகின்றன. நீ பாடத்தில் படிக்கிற சிமென்ட் வேதியியலின் வாசல் இது. ஆனால் கெட்டியான கல்தான் நல்ல சுண்ணாம்பு என்ற பழைய நம்பிக்கை அவரால் போனது என்பதைப் பாடப்புத்தகங்கள் ஒற்றை வரியில் தாண்டிவிடுகின்றன.

இதோடு அவர் சம அளவு பொசலானா சேர்த்தார். இத்தாலியில் சிவிட்டாவெக்கியா துறையிலிருந்து வருகிற எரிமலை மண். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கு விற்கலாம் என்று ஒரு ப்ளிமத் வியாபாரி இறக்கிவைத்து, விலைபோகாமல் கிடங்கில் கிடந்தது. ஸ்மீட்டனுக்கு அது அதிர்ஷ்டமாயிற்று. நம் பெரியவர்கள் சுண்ணாம்போடு சுர்க்கி சேர்த்ததும் இதே கணக்குதான். சுட்ட செங்கல் பொடியும் சுட்ட களிமண்தானே. 1895-இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணை சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவையில் எழும்பியது. கலவையை அடிப்பதில் ஸ்மீட்டன் காட்டிய கண்டிப்பையும் நீ கவனிக்க வேண்டும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சிறிது சிறிதாக, உலக்கை போன்ற கட்டையால் அடித்துக் குழைக்க வேண்டும். தண்ணீரைக் கூட்டி இளக்கினால் வேலை சுலபம், ஆனால் அந்தத் தண்ணீர் போன இடமெல்லாம் ஓட்டை.

கோபுரத்தின் கீழ்ப்பகுதி முழுக்க ஒரே திண்ணிய கல். மேலே நான்கு அறைகள், உள்விட்டம் சுமார் 12 அடி. தளங்களெல்லாம் கல் வளைவு. வளைவு என்றால் சுவரை வெளியே தள்ளும். உயரத்தில் சுவரும் மெல்லிசு. அதற்காகச் சுவரில் சுற்றுக்காடி வெட்டி இரும்புச் சங்கிலியை வளையமாகப் போட்டு, உருக்கிய ஈயத்தை ஊற்றி அடைத்தார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடத்தில் அதை வடிவமைத்த ரென் போட்ட சங்கிலியைப் பார்த்து எடுத்த யோசனை.

1759 அக்டோபர் 16 அன்று 24 மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஐந்து வத்தி சேர்ந்து இரண்டு பவுண்டு எடை. எண்ணெய் விளக்கு வைத்திருக்கலாமே என்றால், அன்றைய எண்ணெய்த் திரி புகை கக்கிக் கண்ணாடியை மூடிவிடும். ஆனால் மெழுகுவத்தித் திரியைக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும்; அரை மணிக்கு ஒருமுறை மணியடிக்கும் கடிகாரம் ஒன்றைக் காவலருக்கு வைத்தார். 1807-இல் விளக்கை நடத்தியவர்களின் குத்தகை முடிந்து, இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைப் பார்த்துக்கொள்கிற டிரினிட்டி ஹவுஸ் கைக்கு வந்தது. 1810-இல் எண்ணெய் விளக்கும் பிரதிபலிப்புத் தட்டுகளும், 1845-இல் கண்ணாடி வில்லைத் தொகுதியும் வந்தன.

அப்புறம் ஏன் அதை இறக்கினார்கள்? கோபுரம் நன்றாகத்தான் இருந்தது. மேலே விளக்கறைக்குக் கீழே வெளியே நீண்டிருந்த கல் விளிம்பை அலை அடியிலிருந்து தூக்கப் பார்த்தது. உள்ளே நீள இரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டி அதைச் சமாளித்தார்கள். சமாளிக்க முடியாதது கீழே இருந்தது. பாறையின் அடிப்பக்கத்தை அலை குடைந்து குகையாக்கியிருந்தது. கோபுரத்தின் மேல் விழுந்த ஒவ்வொரு அடியும் 120 வருடமாகப் பாறைக்கு இறங்கி அதைத் தளர்த்தியிருந்தது. பெரிய அலை வந்தால் கோபுரம் பாறையோடு சேர்ந்து நடுங்கும். கொஞ்சம் யோசித்துப் பார்: மூட்டு தளர்வாக இருந்திருந்தால் கோபுரம் உடைந்திருக்கும், பாறை பிழைத்திருக்கும். மூட்டு அவ்வளவு இறுக்கம் என்பதால் மொத்த விசையும் பாறைக்குப் போய்ச் சேர்ந்தது. பாறையை ஸ்மீட்டன் கட்டவில்லை. அதன் உள்விரிசலைப் பார்க்க அன்று வழியும் இல்லை.

நான்காவது கோபுரத்தை ஜேம்ஸ் டக்ளஸ் பக்கத்துப் பாறையில் கட்டினார். 1879-இல் அடிக்கல், 1882 மே 18-இல் விளக்கு. அவர் ஸ்மீட்டனின் வளைவையே மாற்றிவிட்டார். அடியிலிருந்து வழவழவென்று மேலேறும் வளைவு அலைக்குச் சறுக்குப்பாதை போட்டுக் கொடுக்கிறது. தண்ணீர் அப்படியே ஏறி விளக்கறையை மறைக்கிறது. அதனால் 44 அடி விட்டத்தில், செங்குத்தான சுவருள்ள உருளைப் பீடம் ஒன்றை 22 அடி உயரத்துக்கு வைத்து, அதன்மேல் உள்வாங்கிக் கோபுரத்தை எழுப்பினார். அலை பீடத்தில் மோதி அங்கேயே உடையும். மரக்கதையை மூன்றாம் இடத்தில் வைத்தேனே, அது இதற்காகத்தான். கல்லின் மொத்த எடை 4668 டன். ஸ்மீட்டனுடையது ஆயிரம் டன் அளவுதான். இந்த உருளைப் பீடத்தை எடிஸ்டோனுக்கு முன்பே டக்ளஸ் நம் பக்கத்துக் கடலில் போட்டுப் பார்த்துவிட்டார். இலங்கையின் தென்கிழக்கே, சிங்களத்தில் மகா ராவணா கோட்டுவ என்கிற பாறைத்தொடரில், 1873-இல் ஏற்றிய கிரேட் பாசஸ் விளக்கும் அவர் வடிவமைத்ததுதான். அதற்குக் கல்லை ஸ்காட்லாந்தில் டால்பீட்டியில் வெட்டிச் செதுக்கி, இலங்கையின் காலி (Galle) துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். கட்டியது அவருடைய தம்பி வில்லியம்.

எடிஸ்டோனில் 1982 முதல் காவலர் இல்லை. கோபுரத் தலையில் ஹெலிகாப்டர் மேடை இருக்கிறது. 10 விநாடிக்கு இரண்டு வெள்ளை வீச்சு. வானம் தெளிவான இரவில் ஹோ திடலிலிருந்தே எண்ணலாம்.

பழைய கோபுரத்தை இடிக்காமல் கல் கல்லாகப் பிரித்து, ஊர்க்காரர்கள் பணம் திரட்டி, 1884 செப்டம்பரில் ஹோவில் திறந்தார்கள். அடிப்பாகத்தை மட்டும் கடலிலேயே விட்டுவிட்டார்கள். இத்தனை வருடமும் அது அங்கேயே நிற்கிறது, அதே குடைந்த பாறைமேல்.

நீ போகும்போது பைநாகுலர் எடுத்துக்கொள். 93 படி, மேலே போகப்போகச் செங்குத்து ஏணி, நல்ல பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள். வெளியே, புதுப் பீடத்துக்கும் பழைய கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார். உள்ளே மேல் சரக்கறையில் சுற்றிலும் பைபிளின் சங்கீதம் 127-இன் முதல் வரி செதுக்கியிருக்கும். விளக்கறை வாசலுக்கு மேலே 1759 ஆகஸ்ட் 24 என்ற தேதியும், இறைவனுக்குப் புகழ் என்று லத்தீனில் இரண்டு சொல்லும் இருக்கும். வளைவுத் தளத்தின் அடியைத் தலைநிமிர்ந்து பார்; நடுவில் எவ்வளவு மெல்லிசு, சுவரோரம் எவ்வளவு தடிப்பு என்று ஏணித் துவாரத்தில் தெரியும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. உன் பல்கலைக்கழகத்துக்காரர்களே இப்போதைய எடிஸ்டோன் கோபுரத்தில் அதிர்வுமானி வைத்து, குளிர்காலப் புயலில் அலை மோதும்போது எவ்வளவு ஆடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். கட்டுரைகள் நூலகத்தில் கிடைக்கும். 1791-இல் ஸ்மீட்டன் வெளியிட்ட பெரிய புத்தகமும் அங்கே இருக்கக்கூடும். மூட்டுகளின் படங்கள் அதில் தகடு தகடாக இருக்கின்றன, கேட்டுப் பார். கோபுரத்தின் ஆட்டத்தையும் அடிப்பாறையின் ஆட்டத்தையும் அவர்கள் எப்படிப் பிரித்துக் கணக்கிட்டார்கள் என்பதைப் படித்துவிட்டு எனக்கு எழுது. அம்மா ஊறுகாய்ப் பொட்டலம் அனுப்பியிருக்கிறாள், இன்னும் பத்து நாளில் வந்துவிடும்.

அன்புடன்,
அப்பா